புயலில் விழுந்த பலாமரத்தில் அம்மன் சிலை செதுக்க முடியுமா?

(கேள்வி: ஃபெஞ்சல் புயலில், 2024 நவம்பர் 30 அன்று, புதுச்சேரி வீட்டுக் கொல்லையில் சாய்ந்த பலாவின் அடிமரம் பட்டையோடு கிடக்கிறது. நாலடி நீளம், ஒன்றரை அடி குறுக்களவு. அபயம் காட்டி நிற்கும் அம்மன் செய்யலாமா?)

தாராளமாக. பண்ருட்டிப் பலாவில் வீணையும் மிருதங்கமும் கடைகிறார்கள், சிலைக்கா ஆகாது? ஆனால் உளியை எடுக்குமுன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நட்டநடுவிலிருந்து வண்டிச்சக்கரத்து ஆரக்கால் மாதிரி கீறல் ஓடியிருக்கும். காயும்போது மரம் மையத்திலிருந்து பட்டைப் பக்கமாகச் சுருங்குவதைவிடச் சுற்றுவாக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். முழு உருளையாக வைத்துச் செதுக்கினால் முகத்திலேயே பிளக்கும்.

இரு முனையிலும் கீறல் மறையும்வரை அறுத்துத் தள்ளுங்கள். பிறகு மையத்தின் வழியாக நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். பிளந்த தட்டை முகம் அம்மனின் முதுகு. பட்டைப் பக்கம் முகம் வரும். பட்டையை ஒட்டிய வெள்ளை மரத்தை முழுக்கச் செதுக்கி எடுத்துவிடுங்கள், பூச்சி முதலில் அங்கேதான் துளைக்கும். உள்ளே இருக்கும் கெட்டியான மஞ்சள் நடுமரம், அதாவது வைரம்தான் நமக்கு வேண்டியது.

பட்டையோடு கிடந்ததால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். அது நல்லதுதான், ஈரப் பலா உளிக்கு எளிதில் இளகும். எல்லா இடத்திலும் ஓரங்குலம் கூடுதலாக விட்டு உருவத்தைத் திரட்டுங்கள். முதுகுப் பக்கம் ஒன்றரை அங்குலக் கனம் நிற்கும்படி குடைந்தால் மையமும் போய்விடும். முனைகளில் பெயின்ட் பூசி, சாக்கு சுற்றி, நிழலில் கட்டை மேல் வையுங்கள். வெயிலில் வைத்தால் மேலே காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் விடாது, கீறல் விழும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை எடையை மட்டும் நம்பாதீர்கள், நம் கடலோர ஈரக்காற்றில் மரம் மறுபடி தண்ணீர் குடிக்கும்.

அபயக் கையை அதே கட்டையில் எடுக்க ஆசைப்பட வேண்டாம். முன்னால் நீளும் முழங்கையில் ரேகை (மரத்தின் நார் ஓடும் வாக்கு) குறுக்கே வெட்டுப்படும், லேசாகத் தட்டினாலே ஒடியும். தனித்துண்டில், முழங்கை நீளத்துக்கும் ரேகை ஓடும்படி செய்து, மரமுளை அடித்துப் பொருத்துங்கள்.

நுண்வேலையில் மூக்கையும் விரல்களையும் கொழுக்க விட்டு வையுங்கள். குறைக்கலாம், கூட்ட முடியாது. வெட்டிய இடம் பளபளத்தால் உளி கூர்மை. சிலும்பி நின்றால் ஒன்று கூர் போயிருக்கும், அல்லது எதிர் ரேகையில் தள்ளுகிறீர்கள். கூர் தீட்டியும் சிலும்பினால் எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டிப் பாருங்கள். உப்புத்தாள் போட்ட இடத்தில் மறுபடி உளி வைக்காதீர்கள், சிக்கிய மணல் முனையைத் தின்றுவிடும்.

முடிவில் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து, மூன்று கை மெல்லிசாகப் பூசினால் போதும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவிடுங்கள். சிலையை ஏசி அறையில் மட்டும் வைக்காதீர்கள். கடற்காற்றில் பழகிய மரம் அங்கே மேலும் சுருங்கும்.