யோ-யோ கயிறு எவ்ளோ நீளம் இருக்கணும்?

பையனுக்கு 10 வயசு, புது யோ-யோ கயிறு நெஞ்சு வரைக்கும் வருது, அப்படியே விடலாமான்னு கேட்டிருக்கீங்க. விடாதீங்க, வெட்டிருங்க. நீளக் கயித்தோட வீசினா தரையில டங்குன்னு இடிக்கும், திரும்ப கைக்கு வர்றதுக்குள்ள சுத்தும் செத்துடும்.

யோ-யோவை அவன் கால்கிட்ட தரையில வெச்சு கயித்தை நேரா மேல இழுங்க, தொப்புள் எங்க வருதோ அங்க மடிச்சு சின்ன வளையமா முடிச்சு போட்டு மிச்சத்தை வெட்டுங்க. ஷூ போட்டு ஆடுவான்னா ஷூவோடயே அளங்க. கத்தரி விரல் பக்கம் மட்டும்தான், கீழ ரெண்டு இழையா பிரிஞ்சு ஆக்சிலை (யோ-யோ நடுவுல இருக்கிற அச்சு) சுத்தியிருக்கும், அதுல பட்டா கயிறே போச்சு. அந்த முடிச்சு வளையத்துல நேரா விரலை விடாதீங்க (நிறைய பேர் இதைத்தான் பண்றாங்க), அதுக்குள்ள கயித்தை இழுத்து சுருக்கு மாதிரி ஆக்கி நடுவிரல்ல மாட்டணும், அப்பதான் கழண்டு பறக்காது.

தொப்புள் கணக்கும் சட்டம் இல்ல. லூப்பிங் (திரும்பி வர்ற யோ-யோவை கையில பிடிக்காம மறுபடி மறுபடி முன்னால விடுறது) மட்டும்னா ரெண்டு மூணு இஞ்ச் கம்மியா இருந்தா வேகம் கிடைக்கும், கயித்துல யோ-யோவை ஏத்தி இறக்குற ட்ரிக்னா கொஞ்சம் கூடவே இருக்கட்டும், குட்டையா இருந்தா கடைசி மடிப்புக்கு கயிறு பத்தாது. முதல்ல நீளமாவே வெட்டுங்க, குறைக்கிறது எப்ப வேணா பண்ணிக்கலாம்.