பருந்துக்கு எதற்குக் கையுறை?

(தெற்கு இங்கிலாந்தில் வேட்டைப் பறவைகளின் பறப்புக் காட்சி நடத்தும் மையம் ஒன்றில் பயிற்சியாளராக இருக்கும் நாகர்கோவில் பெண்மணி, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கல்லூரி மாணவி, கோவை: இங்கிலாந்தில் ஒரு காட்சி பார்த்தேன். ராஜாளி பயிற்சியாளரின் கையில் வந்து அமர்ந்தது. கரும்பருந்துகளோ கூட்டமாகத் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தன. கடைசி வரை கீழே இறங்கவில்லை. அவற்றுக்குப் பயிற்சி போதவில்லையா அக்கா?

இறங்காமல் இருப்பதுதானம்மா பயிற்சி! ராஜாளி இரையை அடித்து, தரையில் அமர்ந்து தின்னும். அதனால் பயிற்சியாளரின் கையுறை மீது இறைச்சி இருந்தால் அதற்கு அது சாப்பாட்டு மேசை. பருந்து அப்படிப் பிழைப்பதில்லை. செத்த எலி, மீன் குடல், இன்னொரு பறவையிடமிருந்து தட்டிப் பறித்தது என்று கிடைத்ததைக் காலில் கவ்விக்கொண்டு பறந்தபடியே தின்றுவிடும். அதைக் கையில் உட்காரவைத்துக் காட்டினால் பார்க்கிறவருக்கும் சுவாரசியம் இல்லை, பறவைக்கும் இல்லை.

ஆனால் தொடக்கம் எல்லாப் பறவைக்கும் போலத்தான். காலில் தோல் வார் கட்டி, தினமும் காலையில் தராசில் நிறுத்தி, எந்த எடையில் அதற்குச் சுறுசுறுப்பான பசி வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பட்டினி போடுவது வேறு, பசி அறிவது வேறு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் பறவை பக்கமே வரக் கூடாது. 800 கிராம் பருந்து ஒரு கோழிக்குஞ்சில் பாதி கூடுதலாகத் தின்றிருந்தால் போதும், ஓக் மரத்தில் உட்கார்ந்துகொண்டு நம்மை வேடிக்கை பார்க்கும். முதலில் கைக்கு ஒரு தாவல். பிறகு நீண்ட கயிற்றில் கட்டி, தூரத்தைக் கூட்டிக்கொண்டே போய், விசில் கேட்டவுடன் தயங்காமல் வருகிறது என்று ஆனபின் கயிற்றை அவிழ்க்கிறோம்.

இதற்குப் பிறகுதான் பருந்தின் பாடம் தனி வழியில் போகிறது. கைக்கு வரும் வழியிலேயே, அதன் மூக்குக்கு நேராக ஓர் இறைச்சித் துண்டை மெல்லத் தூக்கிப் போடுவோம். முதலில் தவறவிடும். கீழே விழுந்ததை எடுக்க இறங்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளுமுன் அடுத்த துண்டைக் காற்றில் காட்டிவிட வேண்டும். பழகிய பருந்து ஒன்று பக்கத்தில் பறந்தால் பாதி வேலை மிச்சம். அது பிடிப்பதைக் கண்டதும் புதியதற்குப் பொறாமை வந்துவிடும், பொறாமைதான் நல்ல ஆசிரியர்.

உண்மையில் அதிகம் பயிற்சி தேவைப்படுவது எறிகிறவரின் தோளுக்கு. பருந்து காற்றை எதிர்த்து வரும்போதுதான் வேகம் குறைந்து, இறகை விரித்துக்கொண்டு மிதக்கும். அந்தக் கணத்தில், அதற்குச் சற்று முன்னால், சற்று மேலே எறிய வேண்டும். துண்டு உச்சிக்குப் போய் விழத் தொடங்குகிற இடத்தில் பறவை இருக்க வேண்டும். நீங்கள் அடுத்த முறை பார்க்கும்போது வாலைக் கவனியுங்கள். கவட்டை போன்ற அந்த வால் ஒரு பக்கமாகத் திருகும், உடல் சாயும், ஒரு கால் முன்னால் நீளும். பிடித்தவுடன் தலை குனிந்து அலகு காலைத் தொடும். சிறகு அடிப்பதை நிறுத்துவதுகூட இல்லை.

துண்டு விரல் நுனி அளவுதான் இருக்க வேண்டும். பெரிதாக வெட்டினால் அதை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போய்விடும். மைக்கில் பேசுகிறவர் பாவம், கதை சொல்லிச் சமாளிக்க வேண்டியிருக்கும். காட்சி முடிந்ததும் ஒரு முழுக் குஞ்சைக் கையுறையில் காட்டுவோம். பருந்துக்குக் கையுறை அந்த ஒரு வேளைக்குத்தான்.

வாசகர், திருநெல்வேலி: அக்காலத்து அரசர்கள் பருந்தை வைத்து வேட்டையாடியதுண்டா?

ஐரோப்பாவில் பருந்தை வேட்டையாடினார்கள். பருந்தின் கால் பலமற்றது, முயலைக் கொல்லும் பிடி அதற்குக் கிடையாது. அதனால் வேட்டைக்காரரின் கையில் இடம் இல்லாமல், இரையாக இருந்தது. பெரிய கொம்பன் ஆந்தை ஒன்றின் காலில் நரி வாலைக் கட்டிப் பறக்கவிடுவார்கள். ஆந்தை எதையோ தூக்கிக்கொண்டு போகிறது என்று நினைத்துப் பருந்து பறிக்க இறங்கும். அப்போது ராஜாளிகளை ஏவுவார்கள். பறிக்கும் புத்தியை வைத்தே பறவையைப் பிடித்த வேலை இது. அன்று கண்ணி வைக்க உதவிய அதே புத்தியில்தான் இன்று எங்கள் காட்சி நடக்கிறது.

வாசகி, கும்பகோணம்: கோழிக்குஞ்சு, கோழிக்குஞ்சு என்கிறீர்களே, பாவமில்லையா?

முட்டைக்கோழிப் பண்ணைகளில் சேவல் குஞ்சுகளுக்கு வேலை இல்லை என்று பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். அவைதான் உறைந்த நிலையில் எங்களுக்கு வருகின்றன. முட்டை சாப்பிடுகிறவர் எல்லாருக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு, எனக்கும்தான்.

வாசகர், ராயபுரம்: காசிமேட்டில் பருந்துகள் தலைக்கு மேலே வட்டமிடுகின்றன. ஒன்றைப் பிடித்து நீங்கள் சொல்கிறபடி பழக்கலாமா?

கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். இங்கிலாந்திலும் காட்டிலிருந்து பிடித்ததைப் பறக்கவிட முடியாது. நாங்கள் பறக்கவிடுபவை கூண்டில் பிறந்தவை. குஞ்சாக இருக்கும்போதே காலில் மூடிய வளையம் ஏறியிருக்கும். கால் வளர்ந்த பிறகு அதைப் போடவும் முடியாது, முழுதாகக் கழற்றவும் முடியாது. காசு வாங்கிக் காட்சி நடத்த ‘ஆர்டிக்கிள் 10’ என்ற அரசுச் சான்றிதழ் வேண்டும். வளர்க்கிறவருக்குத்தான் தேர்வு எதுவும் இல்லை. ஜெர்மனியில் ராஜாளி வளர்க்கத் தேர்வு எழுத வேண்டும். இங்கும் வைத்தால் தேவலை என்பது என் கட்சி.

மேலும், காசிமேட்டுப் பருந்துக்கு நான் என்ன கற்றுக்கொடுப்பது? பழைய டெல்லியில் இறைச்சியை வானத்தில் வீசுகிற பழக்கம் இருக்கிறது. கயிறும் விசிலும் தராசும் இல்லாமல் அங்குள்ள பருந்துகள் வரிசையாக இறங்கிப் பிடிக்கின்றன. நாங்கள் ஒரு பருவம் முழுக்கப் பாடுபட்டுக் காட்டுவதும் அதைத்தான்.

பள்ளி ஆசிரியர், யாழ்ப்பாணம்: பறக்கவிட்ட பறவை திரும்பி வராவிட்டால்?

முதுகிலோ வாலிலோ ஜி.பி.எஸ். கருவி இருக்கும். ஐரோப்பாவின் காட்டுக் கரும்பருந்துகள் ஜூலைக் கடைசியிலிருந்து ஜிப்ரால்டர் வழியாக ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டுவிடும். கூண்டில் பிறந்தவற்றுக்கும் அந்த மாதங்களில் ஏதோ நிலைகொள்ளாமை வருவதாக எனக்குத் தோன்றுகிறது. வெப்பக்காற்று கிளம்பும் நாளில் வட்டமிட்டு மேலே ஏறிப் புள்ளியாகிவிடும். அப்படிப் போன ஒன்றைத் தேடிக் காரில் அலைந்தபோது, பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் தோட்டத்தில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பருந்து அவர் வேலி மீது. ஒன்று ஏற்கெனவே பறிபோயிருந்ததாம். மனிதருக்குக் கோபம் வரவில்லை, இன்னொன்று எறியலாமா என்று கேட்டார்.

1989-இல் தொடங்கிய திட்டத்தில் மறுபடியும் குடியேற்றப்பட்ட ரெட் கைட் பருந்துகளும் இப்போது இப்பக்கம் ஏராளம். காற்றில் இறைச்சி பறக்கிறது என்று தெரிந்தால் அவையும் காட்சிக்கு வந்துவிடும். பார்வையாளர்கள் கைதட்டுவார்கள். எது எங்களுடையது என்று அவர்களுக்குத் தெரியாது.

குடும்பத் தலைவி, மதுரை: காற்றுமழையில் பருந்துக் குஞ்சு விழுந்து கிடந்தது. பால் சோறு கொடுத்தோம். சரியா?

பால் கொடுக்காதீர்கள், பறவைக்குச் செரிக்காது. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இளைஞர், லண்டன்: உங்கள் வேலைக்கு எப்படிச் சேருவது?

பெரும்பாலும் சம்பளமில்லாத் தன்னார்வலராகத்தான் நுழைவீர்கள். கூண்டு கழுவுவது, கோழிக்குஞ்சின் வயிற்றிலிருந்து மஞ்சள் கருவை எடுத்துவிட்டு வெட்டுவது, எச்சம் சுரண்டுவது. விண்ணப்பத்தில் ‘பறவைகள் மீது அளவற்ற அன்பு’ என்று எழுதாதீர்கள், எல்லாரும் அதையே எழுதுகிறார்கள். கார் ஓட்டத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை வருவேன், மழையில் நிற்பேன் என்று எழுதுங்கள். ஜனவரியிலேயே அனுப்பிவிடுங்கள், ஈஸ்டர் கூட்டம் வருவதற்குள் ஆள் எடுத்து முடித்திருப்பார்கள்.