கொழும்பின் கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டைக்கு ஏன் அந்தப் பெயர்? கோட்டை எங்கே போனது?

கோட்டைக்குப் புறத்தே இருந்ததால் புறக்கோட்டை. சிங்களத்தில் 'பிட்டகொட்டுவ' என்பதற்கும் அதே பொருள்தான். ஆங்கிலத்தில் பெட்டா என்கிறார்களே, அது நம்முடைய 'பேட்டை'! எனக்கு அதில் தனிச் சந்தோஷம்.

கோட்டையும் மதிலும் உண்மையாகவே இருந்தன. போர்த்துக்கேயர் 1518இல் சிறிதாக ஒரு கோட்டை கட்டினார்கள். 1656இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1796இல் ஆங்கிலேயர். மதிலை இடித்ததும் ஆங்கிலேயர்தான், 1870 அளவில்.

கோட்டை ரயில் நிலையமே புறக்கோட்டைப் பக்கம்தான் இருக்கிறது. இறங்கி வீதியைக் கடந்து குறுக்குத் தெருக்களுக்குள் நுழைந்து பாருங்கள். மூட்டை ஏற்றிய வண்டிலைத் தள்ளிக்கொண்டு நாட்டாமிமார் (சுமை தூக்கும் தொழிலாளர்) "வழி, வழி" என்று வருவார்கள். ஒதுங்கி ஒதுங்கி நடந்தால் செட்டியார் தெரு நகைக்கடைகள் வரை போய்விடலாம். இவ்வளவும் மதிலுக்கு வெளியே வளர்ந்த ஊர்.