விசுவாசத்தைப் பள்ளிக்கூட வாசலில் கழற்றி வைக்க வேண்டுமா?

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழுவில்) நான்கு பெண்கள் சேர்ந்து, கருவிலேயே அழிக்கப்படும் குழந்தைகளுக்காக வெள்ளிதோறும் செபமாலை சொல்கிறோம். போன வாரம் இனப்பெருக்கப் பாடம் நடத்தும்போது, “கருக்கலைப்பு கொலைதான், செய்கிறவர்கள் கொலைகாரர்கள்தான்” என்று சொல்லிவிட்டேன். தலைமையாசிரியர் கூப்பிட்டு, “டீச்சர், பாடத்தை மட்டும் நடத்துங்க” என்றார். வகுப்பில் வாயை மூடிக்கொண்டு வெள்ளிக்கிழமை மட்டும் செபிப்பது இரட்டை வேடம் இல்லையா? விசுவாசத்தைப் பள்ளிக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமா?

— ஓர் ஆசிரியை, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, அது என்ன செருப்பா, கழற்றி வைக்க? நீங்களே நினைத்தாலும் முடியாது. ஆனால் உங்கள் தலைமையாசிரியர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் மாணவரின் சம்மதம் இல்லாமல், அவர் சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல், மதபோதனையிலோ வழிபாட்டிலோ அவரைச் சேர்க்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு. உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் உங்களிடம் அறிவியல் படிக்க வந்தவர்கள்.

சட்டம் இருக்கட்டும். எனக்கு உறுத்துவது நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். ஏனென்றால் அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு எங்கள் பங்குக் கோவிலில் இதே கருத்துக்காகச் செபமாலை நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் மறையுண்மைக்கு, அதாவது செபமாலையின் மூன்றாம் பகுதிக்கு, முன்னால் சிறு சிந்தனை சொல்ல வேண்டும். ‘கொலை’, ‘இரத்தப்பழி’ என்று குரலை உயர்த்தினேன். கடைசி வரிசையில் ஒரு பெண் மெதுவாக எழுந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருடைய செபமாலை பாயிலேயே கிடந்தது. அவர் என்னோடு மறுபடி பேச இரண்டு வருடம் ஆனது. அப்போதுதான் தெரிந்தது: மூன்றாவதும் பெண் என்று எங்கேயோ ஸ்கேனில் பார்த்து, மாமியார் வீட்டில் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போயிருக்கிறார்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்க 1994-இலேயே சட்டம் வந்துவிட்டது. அவருக்கு அது உதவவில்லை. நானும் உதவவில்லை, கல்லைத்தான் எறிந்தேன்.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1995-இல் உயிரின் மதிப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடல் கருக்கலைப்பை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே மடலின் கடைசிப் பகுதியில், கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களைப் பார்த்தே அவர் பேசுகிறார். சோர்ந்து போகாதீர்கள், நம்பிக்கையை விடாதீர்கள் என்கிறார். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ், இந்தப் பாவத்துக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தை எல்லா அருள்பணியாளர்களுக்கும் நிலையாகக் கொடுத்தார். திருச்சபை கதவை இவ்வளவு அகலமாகத் திறந்து வைத்திருக்கும்போது, வாசலில் நாம் குச்சியோடு நிற்கலாமா? உங்கள் வகுப்பில் இருக்கும் ஏதாவது ஒரு பிள்ளையின் அம்மாவே அந்தப் பாயிலிருந்து எழுந்து போன பெண்ணாக இருக்கலாம்.

அப்படியானால் வகுப்பில் என்னதான் செய்வது? பாடத்தை நடத்துங்கள், நன்றாக நடத்துங்கள். கருவுற்று மூன்று வாரம் தாண்டியதும், சுமார் 22-ஆம் நாளில், இதயம் துடிக்கத் தொடங்குகிறது. தாய்க்கு மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது போதும். “என் தாயின் கருவில் எனக்கு உரு தந்தவர் நீரே” என்ற திருப்பாடல் அப்போது உங்கள் மனதுக்குள் ஓடட்டும், அதை யாரும் தடுக்க முடியாது. கிண்டல் இல்லாமல், கூச்சம் இல்லாமல் அந்தப் பாடத்தை நடத்துகிற டீச்சர் கிடைப்பதே அபூர்வம். பல பள்ளிகளில் ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள்!

வெள்ளிக்கிழமைச் செபத்தை விடாதீர்கள். அமெரிக்கப் பேராயர் ஃபுல்டன் ஷீன் பரப்பிய ஒரு வழக்கம் உண்டு: ஆபத்தில் இருக்கும், முகம் தெரியாத ஒரு கருவை மனதால் தத்தெடுத்து ஒன்பது மாதம் தினமும் செபிப்பது. பலர் மார்ச் 25 அன்று, மங்கள வார்த்தைத் திருநாளில் தொடங்கிக் கிறிஸ்துமஸில் முடிப்பார்கள். நீங்கள் பள்ளி திறக்கும் ஜூனில் தொடங்குங்களேன். பிப்ரவரி முடியும்போது ஒன்பது மாதம் ஆகியிருக்கும். கூடவே வருகைப் பதிவேட்டிலிருந்து தினம் ஒரு பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறக்காத பிள்ளையும் பிறந்த பிள்ளையும் ஒரே செபத்தில் இருந்தால், உங்களை வாட்டும் அந்த ‘இரட்டை வேடம்’ தானாகக் கரைந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்றைக்காவது ஒரு மாணவி, தான் கருவுற்றிருப்பதாக அழுதுகொண்டு உங்களிடம் வரலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் செபத்தோடு மூடி மறைக்கிற விஷயம் இல்லை அது. சிறுவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், பிள்ளையின் பெயர் ஆசிரியர் அறையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்ற குழந்தையை வளர்க்க முடியாது என்கிற தாய்க்கும் நம் ஊரில் வழி இருக்கிறது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பலருக்குத் தெரியும். குழந்தைகள் நலக் குழுவிடம் முறையாக ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் செபக் குழுவில் நான்கு பேருக்கும் இது மனப்பாடமாக இருக்கட்டும்.

அப்புறம், அந்த வார்த்தை. நாளைக்கே வகுப்பில், “அன்றைக்கு நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டும் என்றால் மதியம் லேபில் இருப்பேன்” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை லேபுக்கே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். முதல் வாரம் யாரும் வரமாட்டார்கள். பரவாயில்லை, அங்கேயே சாப்பிடுங்கள்.