மனைவிக்கு ரயில் செட் பரிசளிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. கோவையில் ஐடி வேலை. வீட்டின் இரண்டாவது படுக்கையறையில் எட்டுக்கு நாலு அடி பலகையில் ஹெச்ஓ அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) ஒரு மாடல் ரயில் லேஅவுட் வைத்திருக்கிறேன். ஜெர்மன் மலைக்கிராமம், டிசிசி கன்ட்ரோல் (ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியே இயக்கும் டிஜிட்டல் முறை). திருமணமாகி இரண்டு வருடம் ஆகிறது. மனைவிக்குச் சொந்த ஊர் செங்கோட்டை, வயது 29, வங்கியில் வேலை. ஆரம்பத்தில் அவரே ஆர்வமாக வந்து மரங்கள் செய்து நட்டார், புல் ஒட்டினார். (சில மரங்கள் ரொம்பப் பெரிதாகத் தெரிந்ததால் பிறகு நான் இடம் மாற்றி வைத்தேன்.) கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டார். இப்போது கூப்பிட்டால், "அது உங்க ரூம், உங்க ரயில்" என்கிறார். சண்டை எதுவும் இல்லை. அடுத்த மாதம் அவருக்குப் பிறந்தநாள். அவருக்கென்று தனியாக ஒரு ரயில் செட் வாங்கிக் கொடுத்தால் ஆர்வம் திரும்புமா? எந்த செட் வாங்கலாம்?

பதில்: செட் வாங்க வேண்டாம். அது யாருக்கான பரிசு என்று பெட்டியைப் பிரிக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியை நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். அந்த மரங்களிலிருந்தே தொடங்குவோம். ஹெச்ஓ என்றால் 1:87. 15 மீட்டர் உயரமுள்ள ஒரு சாதாரண மரம் இந்த அளவில் 17 செ.மீ. வரும். கடைகளில் பாக்கெட்டில் வரும் மரங்கள் பெரும்பாலும் அதைவிடக் குட்டை. அவற்றைப் பார்த்தே நம் கண் பழகிவிட்டது. குற்றால மலையடிவாரத்தில் வளர்ந்த உங்கள் மனைவி, மரம் இவ்வளவு உயரம் இருக்கும் என்று தெரிந்தே செய்திருப்பார். அநேகமாக அவர் செய்ததுதான் சரியான அளவு. சரி, அளவு தப்பாகவே இருக்கட்டும். அவரிடம் சொல்லாமல் நகர்த்தினீர்கள் அல்லவா, வேலை மட்டும்தான் தன்னுடையது, முடிவு தன்னுடையது இல்லை என்று அன்றைக்கே அவருக்குப் புரிந்திருக்கும். பகல் முழுக்க வங்கியில் அடுத்தவர் முடிவுக்கு வேலை பார்த்துவிட்டு வருபவர், வீட்டிலும் உங்களுக்கு உதவியாளராக இருக்க ஏன் விரும்பப் போகிறார்?

தனி செட் யோசனையும் புதிதல்ல. அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1957-இல் பெண்பிள்ளைகளுக்கென்றே ஒரு ரயில் செட் கொண்டுவந்தது. இளஞ்சிவப்பு எஞ்சின், மஞ்சள், ஊதா, நீலம் என்று மிட்டாய் நிறத்தில் பெட்டிகள். விற்கவே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நிஜ ரயில் மாதிரி இருக்கும் ரயில்தான் வேண்டியிருந்தது. விற்காமல் போனதாலேயே இன்று அது சேகரிப்பாளர்களிடம் நல்ல விலைக்குப் போகிறது என்பது வேறு கதை.

இதற்கு நேர்மாறான கதை ஹாம்பர்க்கில் இருக்கிறது. பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001-இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட்தான் இன்று உலகின் மிகப் பெரிய மாடல் ரயில் காட்சி. தொடங்கும் முன் அவர்கள் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள்: நகரத்தில் என்னென்ன இருந்தால் பார்க்க வருவீர்கள்? ஆண்கள் மாடல் ரயிலை மூன்றாவது இடத்தில் வைத்தார்கள். பெண்கள் பட்டியலில் அது கடைசி. சகோதரர்கள் திட்டத்தைக் கைவிடவில்லை, ரயிலுக்கு இளஞ்சிவப்பு பெயின்ட்டும் அடிக்கவில்லை. ரயிலைச் சுற்றி ஓர் உலகத்தைக் கட்டினார்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கே இரவு வருகிறது, ஜன்னல்களில் விளக்கு எரிகிறது, தீயணைப்பு வண்டிகள் கிளம்புகின்றன, மூலைக்கு மூலை சின்னச்சின்னக் குறும்புக் காட்சிகள். பார்வையாளர் தானே அழுத்திப் பார்க்கும் பொத்தான்கள் ஏராளம். உங்களுக்கு நான் சொல்லவருவதும் இதையொட்டித்தான். அவரை உங்கள் ரயிலுக்குள் இழுக்காதீர்கள். அவருடைய உலகம் ஒன்றுக்கு உங்கள் பலகையில் இடம் கொடுங்கள்.

எப்படி? எட்டுக்கு நாலு பலகையின் நடுவே, நீளவாக்கில், ஓரடி உயரத்துக்கு ஒரு மெல்லிய தடுப்பு நிறுத்துங்கள். மூன்று மில்லிமீட்டர் பிளைவுட் போதும். இருபுறமும் வானம் வரைந்துவிட்டால் அதுவே பின்னணித் திரை. இந்தப் பக்கம் இரண்டடி அகலத்தில் உங்கள் ஜெர்மன் கிராமம் இருக்கட்டும். அந்தப் பக்கம் முழுவதும் அவருடையது. எந்த ஊர், எந்தக் காலம், எங்கே மரம், எங்கே டீக்கடை, எல்லாம் அவர் முடிவு. தண்டவாளம் எப்படிப் போக வேண்டும் என்பது உட்பட. வளைவு ரொம்ப இறுக்கமானால் பெட்டி கவிழும், ஏற்றம் மூன்று சதவீதத்தைத் தாண்டினால் எஞ்சின் திணறும் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிவிட்டு விட்டுவிட வேண்டும்.

அவர் எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் செங்கோட்டைக்காரருக்கு ரயில் விஷயத்தில் உங்களைவிட அதிகம் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலையைக் குடைந்து போகும் பாதையில் 1904-இல் ரயில் ஓடத் தொடங்கியது. கழுதுருட்டி அருகே இருக்கும் பதின்மூன்று கண் கல் பாலத்தை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 2010-இல் அங்கே மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) வண்டி நின்றது. அகலப்பாதையாகி முழுப் பாதையும் மறுபடி திறந்தது 2018-இல்தான். உங்கள் மனைவியின் வயதைப் பார்த்தால், பள்ளிக்கூடப் பருவத்தில் அந்த மீட்டர் கேஜ் வண்டியில் போயிருக்கக்கூடும். நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். ஸ்டேஷனில் என்ன விற்றார்கள், குகைக்குள் வண்டி நுழையும்போது பிள்ளைகள் என்ன செய்தார்கள், இதெல்லாம் எந்த கேட்டலாக்கிலும் இல்லை. அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டு வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

மீட்டர் கேஜா, அகலப்பாதையா என்பதையும் அவரிடமே விடுங்கள், ஆனால் கணக்கைச் சொல்லிவிடுங்கள். மீட்டர் கேஜ் 1:87-இல் பன்னிரண்டு மில்லிமீட்டர் பாதையில் வரும். உங்களிடம் இருப்பது 16.5 மி.மீ. ஆகவே உங்கள் வண்டிகள் அதில் ஓடாது. ஒரு துண்டுப் பாதை போட்டு, அட்டையில் பெட்டி செய்து, ஓடாத காட்சியாக வைக்கலாம். 2018-க்குப் பிந்தைய செங்கோட்டை என்றால் இருக்கிற பாதையே போதும். நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 1:87-ஆகக் குறைத்தால் 19.3 மி.மீ. வர வேண்டும், ஆக 16.5 கொஞ்சம் ஒல்லியாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்கும் விருந்தாளி என்றாவது ஒருநாள் வருவார், சொல்லாமல் போகவும் மாட்டார். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். உங்கள் ஜெர்மன் எஞ்சின் செங்கோட்டைப் பக்கம் தலைகாட்டுவது பற்றி அவர் என்ன சொன்னாலும் அதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பதின்மூன்று கண்ணும் வேண்டும் என்று அவர் சொன்னால் இடம் பிரச்சினை வரும். இருபுறமும் வளைவுக்கு விட்டது போக நேர்ப்பாதை நாலடிக்கு மேல் மிஞ்சாது. நிஜத்தைச் சுருக்கிக் காட்டுவது இந்தக் கலையில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஐந்தா ஏழா என்று அவர் சொல்லட்டும். முதலில் செருப்புப் பெட்டி அட்டையில் வெட்டி நிறுத்திப் பாருங்கள். பிடித்தால் ஃபோம் போர்டில் வெட்டி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மெல்லிசாகப் பூசி, முழுக்கக் காய்வதற்குள் ஊசியால் கல் இணைப்புகளைக் கீறலாம். புல்லுக்குத் தேங்காய் நார். மண்ணுக்கு அந்த ஊர் மண்ணே ஒரு கைப்பிடி கொண்டுவந்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். சலித்த மண்ணுக்குள் ஒரு காந்தத்தை நாலு தடவை ஓட்டி எடுப்பது ரொம்ப முக்கியம். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வருவதை நீங்களே பார்ப்பீர்கள். அது எஞ்சின் மோட்டாருக்குள் போனால் கதை முடிந்தது. ஜல்லியை ஒட்ட ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். மனித பொம்மைகள் பெரும்பாலும் மேல்நாட்டு உடையில்தான் வரும். டிஷ்யூ பேப்பரை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்து 18 மி.மீ. உயரப் பெண்ணுக்குப் புடவை கட்டிவிடுவது பெரிய கலை. யாருக்குப் பொறுமை அதிகமோ அவர் செய்யட்டும்.

ஒருவரே எல்லாம் செய்தாக வேண்டும் என்று இதில் சட்டம் ஒன்றும் இல்லை. பாடகர் ராட் ஸ்டூவர்ட் இருபது வருடத்துக்கும் மேல் செலவிட்ட பிரம்மாண்டமான லேஅவுட்டை 2019-இல் வெளியே காட்டினார். கட்டடமும் நகரமும் அவர் கைவேலை. மின்சார வேலை அவருக்கு வராது, அதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

அடுத்தது ஓட்டுவது. பல வீடுகளில் கணவர் ஓட்டுவார், மனைவி பார்ப்பார், பத்து நிமிடத்தில் செல்போனை எடுத்துவிடுவார். தப்பே இல்லை, ரயில் சுற்றிச்சுற்றி வருவதை எவ்வளவு நேரம் பார்ப்பது? உங்களிடம் டிசிசி இருப்பதால் அவருடைய போனையே இரண்டாவது கன்ட்ரோலராக மாற்றும் இலவச ஆப்கள் கிடைக்கும். பெரும்பாலான சிஸ்டங்கள் வைஃபை வழியாக இதற்கு இடம் கொடுக்கின்றன. எஞ்சின் எப்படி ஓட வேண்டும் என்பதை டிசிசியில் சிவி என்ற எண்ணிட்ட அமைப்புகளில் மாற்றலாம். அவர் ஓட்டும் எஞ்சினில் சிவி 5-இன் மதிப்பைக் குறைத்து உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். சிவி 3, சிவி 4 இரண்டையும் கொஞ்சம் கூட்டினால் வண்டி நிதானமாகக் கிளம்பும், நிதானமாக நிற்கும். பலர் கன்ட்ரோலரைத் தொடத் தயங்குவதற்குக் காரணம் ஆர்வமின்மை அல்ல, விலையுயர்ந்த எஞ்சினைக் கீழே தள்ளிவிடுவோமோ என்ற பயம். தள்ளினாலும் பரவாயில்லை என்கிற எஞ்சினை அவரிடம் கொடுங்கள். அவர் ஓட்டும்போது முகத்தில் பதற்றம் காட்டாதீர்கள்.

அப்புறம், இரண்டு பேர் இல்லாமல் நடக்காத ஒரு விளையாட்டு ரயில்வேயிலேயே இருக்கிறது: லைன் கிளியர். ஒற்றைப் பாதையில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் நினைத்த நேரத்தில் வண்டியை அனுப்பிவிட முடியாது. அடுத்த ஸ்டேஷனில் லைன் கிளியர் கேட்க வேண்டும், அவர் கொடுக்க வேண்டும். நம் ஊரில் நீண்டகாலம் இதற்கு நீல் டோக்கன் கருவி இருந்தது. இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு கருவி, இரண்டும் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு உலோக உருண்டைதான் வெளியே வரும். அது கையில் இருக்கும் டிரைவர்தான் அந்தப் பாதையில் போகலாம். உங்கள் பலகையில் நடுத்தடுப்பு வந்துவிட்டால் ஒருவர் ஸ்டேஷன் மற்றவருக்குத் தெரியாது. இந்தப் பக்கம் ஒரு காலிங் பெல், அந்தப் பக்கம் ஒரு காலிங் பெல், உருண்டைக்கு ஒரு கோலிக்குண்டு. எத்தனை மணி அடித்தால் என்ன அர்த்தம் என்று நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நேர அட்டவணையும் போட்டுக்கொண்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது. அவர் லைன் கிளியர் தராவிட்டால் உங்கள் வண்டி நிற்க வேண்டியதுதான். கொஞ்ச நாள் வேண்டுமென்றே தராமல் இருப்பார் என்று எதிர்பார்க்கிறேன்.

"உங்க ரூம்" என்ற வார்த்தையையும் சும்மா விட்டுவிடாதீர்கள். இரண்டு படுக்கையறை வீட்டில் ஓர் அறையைப் பலகை அடைத்துக்கொண்டால், அவருடைய அப்பா அம்மா வந்தால் எங்கே படுப்பது? இது மனதில் இருந்தும் சொல்லாமல் இருக்கலாம். பலகையை நாலடி உயரக் கால்களில் ஏற்றினால் கீழே இரண்டு பேர் மெத்தை விரித்துப் படுக்கலாம், மற்ற நாளில் அலமாரி வைக்கலாம். கண் மட்டத்துக்கு அருகே வருவதால் ரயிலும் கூடுதல் அழகாகத் தெரியும். செலவு விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். ஒலியோடு வரும் ஒரு டிசிசி எஞ்சின் எளிதில் 20,000 ரூபாயைத் தாண்டும் என்பது வங்கியில் வேலை பார்ப்பவருக்கு ஸ்டேட்மென்டைப் பார்த்துத் தெரியவருவதைவிட நீங்களே சொல்லித் தெரிவது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் "எனக்கு வேண்டாம்" என்று அவர் சொன்னால், வேண்டாம்தான். தடுப்பை எடுத்துவிட்டு நீங்கள் ஓட்டுங்கள். அவருக்குப் பிடித்தது என்ன என்று கேட்டு, வாரத்தில் ஒரு சாயங்காலம் அதில் நீங்கள் போய் உட்காருங்கள்.

பிறந்தநாளுக்கு? செங்கோட்டைக்கு இரண்டு டிக்கெட் போடுங்கள். அங்கிருந்து பகல் வெளிச்சத்தில் மலையைக் கடக்கும் வண்டியாகப் பார்த்து ஒருமுறை புனலூர் வரை போய்வாருங்கள். வண்டிக்குள் இருந்தால் பதின்மூன்று கண் பாலம் தெரியாது. அதைப் பார்க்க, பக்கத்திலேயே ஓடும் நெடுஞ்சாலையில் தனியாகப் போக வேண்டும். லேஅவுட்டுக்காகத்தான் வந்தோம் என்று நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அவர் கேட்டால் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது மட்டும் ஒரு தூணை ஒட்டி அவரை நிற்கவைத்து, கொஞ்சம் தள்ளி நின்று நேராக எடுங்கள். அவர் உயரம் உங்களுக்குத் தெரியும் என்பதால் தூணின் உயரத்தை வீட்டில் கணக்குப் போட்டு 87-ஆல் வகுத்துக்கொள்ளலாம்.