ஏப்ரல் வந்தால் அக்கா கதவைச் சாத்திவிடுகிறார்

அன்பின் உளவளத்துணையாளருக்கு,

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு ஆராதனைக்குப் போன என் அத்தான் குண்டுவெடிப்பில் காயப்பட்டு, சில நாள் கழித்து வைத்தியசாலையில் இறந்துபோனார். நாங்கள் மட்டக்களப்பில் இருக்கிறோம். அக்காவுக்கு இப்போது 41 வயது, மகனுக்கு 14. அன்று அவனும் அங்கேதான் இருந்தான். இடது காது இன்னும் சரியாகக் கேட்காது.

வருஷா வருஷம் இங்கே நினைவேந்தல் நடக்கிறது. படங்கள் போட்ட பெரிய பதாகை, ஒலிபெருக்கி, பேச்சுகள். முதல் இரண்டு வருஷம் அக்கா போனார். இப்போது அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொள்கிறார். மற்ற நாளில் வேலைக்குப் போவார், சமைப்பார், சிரிக்கவும் செய்வார். ஏப்ரல் பிறந்தால் வேறு ஆள். அத்தானின் ஒரு சட்டையைக் கழுவாமல் அலுமாரியில் வைத்திருக்கிறார். "ஏழு வருஷமாச்சு, இன்னும் இதென்ன" என்று அம்மாவே சொல்கிறார்.

இந்த முறை ஏற்பாட்டுக் குழுவில் என்னையும் சேர்த்து, "அக்காவை எப்படியாவது கூட்டி வாங்கோ" என்கிறார்கள். மகன் இரவில் போனில் அந்த நாளின் வீடியோக்களைத் தேடிப் பார்க்கிறான். அப்பா அந்த இடத்திலேயே போய்விட்டார் என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தோம். போன கிழமை, "அப்பாவுக்கு நொந்ததா சித்தி?" என்று கேட்டான். எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. அக்காவோடு படித்த, காத்தான்குடி முஸ்லிம் சிநேகிதி ஒருவர் மரணவீட்டுக்கு வந்தபோது எங்கள் சொந்தக்காரரே படலையில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வருஷம் வரலாமா என்று என்னிடம் கேட்கிறார். அம்மா வேண்டாம் என்கிறார். நான் என்ன செய்ய?

ஒரு தங்கை

---

அன்பின் சகோதரிக்கு,

அக்காவைக் கூட்டி வருவது உங்கள் வேலை அல்ல. அவர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நாள் அவரைக் காயப்படுத்தாமல் பார்த்துக்கொள்வதுதான் குழுவின் வேலை. அதில் நீங்கள் இருப்பது நல்லது.

முதலில் ஏப்ரல் மாதத்தை அக்காவின் கண்ணால் பாருங்கள். உயிர்த்த ஞாயிறு வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும். 2024இல் மார்ச் 31, போன வருஷம் ஏப்ரல் 20, இந்த 2026இல் ஏப்ரல் 5. அதனால் இந்தக் குடும்பங்களுக்கு ஒரே மரணத்துக்கு இரண்டு நினைவு நாள். நடுவில் 14ஆம் திகதி புத்தாண்டு, தெருவெல்லாம் சீனவெடி. பெரிய வெள்ளி 3ஆம் திகதி தொடங்கி 21 வரைக்கும் பத்தொன்பது நாள் உடம்பு விறைத்தபடியே இருக்கும். நித்திரை குறையும், எரிச்சல் வரும், நெஞ்சு படபடக்கும். ஆண்டு நினைவு நெருங்கும்போது இப்படி ஆவது எங்கள் துறையில் நன்றாகத் தெரிந்த விஷயம். மாதம் முடிந்து அக்கா பழையபடி வேலைக்குப் போகிறார் என்றால் அவர் "இன்னும் இப்படியே" இருக்கவில்லை. அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

21ஆம் திகதிக்குள்ளேயே இரண்டு நேரம் இருக்கிறது. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மணி அடித்து மௌனம் காப்பது அங்கே குண்டு வெடித்த நேரமான 8.45க்கு. மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது 9 மணி கடந்துதான். தொலைக்காட்சி 8.45ஐச் சொல்லும்போது உங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்த நேரம் இனிமேல்தான் வரப்போகிறது. அந்த அரை மணித்தியாலம் பேச்சு வைக்காதீர்கள். அக்கா வீட்டில் இருப்பதானால், பேசாமல் பக்கத்தில் இருக்க ஒருவர் போதும்.

அக்காவிடம் கேட்பதை இப்போதே கேளுங்கள். ஆறு கிழமையாவது முன்னால். "வருவீங்களா?" என்று மொட்டையாகக் கேட்டால் மறுப்பதற்கே தெம்பு வேண்டும். மூன்று வழி வையுங்கள்: வந்து கடைசி வரிசையில் வாசல் பக்கம் இருப்பது, வராமல் பெயர் மட்டும் வாசிக்கச் சொல்வது, பெயரும் வேண்டாம் என்பது. மூன்றுக்கும் சரி சொல்லுங்கள், அன்று காலை மனம் மாறினாலும் சரி என்று சொல்லுங்கள். போன வருஷம் தந்த சம்மதம் இந்த வருஷத்துக்குச் செல்லாது. மற்றக் குடும்பங்களையும் இப்படியே, வீட்டுக்குப் போய், ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மகனிடம் தனியே கேளுங்கள். தாய் போகாவிட்டாலும் பிள்ளை போக விரும்பலாம்.

பெரும்பாலும் பிழை நடப்பது பதாகையில்தான். எந்தப் படம் என்பதைக் குடும்பம் தேர்ந்து தர வேண்டும். இணையத்தில் எடுத்த அடையாள அட்டைப் படம், வைத்தியசாலைப் படம், வெடித்த இடத்துப் படம் எதுவும் கூடாது. பெயரின் எழுத்தை அச்சுக்கு முன் வீட்டிலேயே காட்டிச் சரிபார்த்து, தலைப்பெழுத்தையும் கேட்டு எழுதுங்கள். பெயர் வரிசை அகர வரிசையாக இருக்கட்டும்; ஊரில் பெரியவர் சிறியவர் பார்த்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். உங்கள் அத்தானைப்போல் பின்னர் வைத்தியசாலையில் இறந்தவர்கள் பட்டியலில் விடுபடுவது சாதாரணமாக நடக்கிற பிழை. முதல் நாள் செய்தியைப் பார்த்துப் பட்டியல் போடுவதால் வருவது அது. வாசிப்பவர் முந்தின நாள் சத்தமாக இரண்டு தடவை பழகட்டும். ஒரு பெயருக்கு ஐந்து விநாடி விட்டால் முப்பது பெயர் இரண்டரை நிமிஷத்தில் முடியும். அவசரப்படவே தேவையில்லை.

சத்தத்தில் மிகக் கவனம் வேண்டும். குண்டுவெடிப்பில் தப்பியவர்களுக்குச் செவிப்பறை கிழிவது வழக்கமான காயம். பிறகும் காதில் இரைச்சல் நிற்கும், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது. ஒலிபெருக்கி கீச்சிட்டால் அக்காவின் மகன் கூட்டத்தின் நடுவில் அகப்பட்டுப்போவான். ஆட்கள் வருவதற்கு முன்பே சோதித்துச் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். மணி அடிப்பதானால் "இப்போது மூன்று தரம் மணி அடிக்கும்" என்று சொல்லிவிட்டு அடியுங்கள். இறந்த பிள்ளைகளின் நினைவாக வெள்ளை பலூன் பறக்கவிட யாராவது ஆசைப்படுவார்கள். வேண்டாம், ஒன்று வெடித்தால் போதும். முதுகுப்பையோடு யாரும் உள்ளே வரக்கூடாது. குண்டு வந்தது பையில் என்பதால் தப்பியவர்களின் கண் இன்றும் பையைத்தான் தேடும். ஆயுதத்தோடு பொலிஸ் காவல் நிற்குமென்றால் அதையும் குடும்பங்களுக்கு முதல் நாளே சொல்லுங்கள். தீக்காயம்பட்டவர் இருந்தால் மெழுகுதிரிக்குப் பதில் பூ வைக்கலாம்.

மொத்தம் நாற்பது நிமிஷம். அரசியல் பேச்சு வேண்டவே வேண்டாம். ஊடகத்தாரிடம் பேசக் குழுவில் ஒருவர், வாசலில். பிள்ளைகளிடம் யாரும் மைக்கை நீட்டக் கூடாது என்பதை அவர் முன்பே சொல்லிவிட வேண்டும். தனியே ஒரு அறை, தண்ணீர், இரண்டு கதிரை. யாருக்காவது மூச்சு முட்டினால் பின்னாலிருந்து தொடாமல் முன்னால் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். நாலு எண்ணி மூச்சை எடுத்து, ஆறு எண்ணி விடட்டும். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். மூடினால் காட்சி வரும்.

இனி மகன். ஏழு வயதில் அப்பாவை இழந்த பிள்ளை பதினாலு வயதில் அந்த மரணத்தை மறுபடி முதலிலிருந்து விளங்கிக்கொள்கிறான். அப்போது கேட்கத் தெரியாததை இப்போது கேட்கிறான். வீடியோ தேடுவதும் அதற்குத்தான். வீட்டில் பதில் கிடைக்காததால் போனிடம் கேட்கிறான். போனைப் பறித்தால் களவாகப் பார்ப்பான். "நீ என்னென்ன பார்த்தாய், என்ன கேள்விப்பட்டாய்?" என்று முதலில் அவனைச் சொல்லவிடுங்கள். அவன் சொல்வதில் பிழையானதும், கற்பனையில் பயங்கரமாக வளர்ந்ததும் இருக்கும். பிறகு உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: "அப்பா அந்த இடத்திலேயே சாகேல்லை. சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவர். சின்னப் பிள்ளை என்று உனக்கு மறைச்சிட்டம், அது பிழை." நொந்ததா என்ற கேள்விக்கு "இல்லை" என்று பொய் சொல்லாதீர்கள். பெருங்காயத்துக்கு வலி குறைக்கும் மருந்து கொடுப்பார்கள் என்பது உண்மை. அவர் நினைவோடு இருந்தாரா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது அக்காவுக்குத் தெரியும். ஆகவே அக்கா சம்மதித்து, அவரே சொல்வது நல்லது. நீங்கள் கூட இருங்கள். இரவில் வேண்டாம், 21க்குக் கிட்டவும் வேண்டாம். தான் தப்பி அப்பா போனதற்குத் தானே காரணம் என்று அவன் மனதுக்குள் வைத்திருக்கக்கூடும். "அண்டைக்கு நீ எங்கே நிண்டாய்?" என்று மெதுவாகக் கேட்டால் அது வெளியில் வரும்.

சட்டையைத் தொடாதீர்கள், கழுவாதீர்கள். இரத்தக் கறை தெறித்த இயேசுவின் சொரூபத்தை, அன்று குண்டு வெடித்த நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தில் அப்படியே பேணி வைத்திருக்கிறார்கள். ஒரு தேவாலயப் பங்குக்கு உள்ள உரிமை ஒரு மனைவிக்கும் உண்டு.

எப்போது சிகிச்சை வேண்டும்? இறப்பு நடந்து ஒரு வருஷம் தாண்டியும் அநேகமாக ஒவ்வொரு நாளும் அதே ஏக்கம், வேலையும் வீடும் நடத்த முடியாத நிலை என்றால் அது நீடித்த துயர நோய். அதற்கென்றே பதினாறு அமர்வு கொண்ட சிகிச்சை முறை இருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அக்காவை விட மகனுக்குத்தான் முதலில் ஆளைப் பார்க்க வேண்டும். கெட்ட கனவு, பதற்றம், வீடியோ மூன்றும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ கூட்டிப் போங்கள். செத்தால் நல்லது என்ற சொல் யார் வாயில் வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். இரவானால் 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, தமிழிலும் பேசலாம்.

காத்தான்குடிச் சிநேகிதி வரட்டுமா என்பதை அம்மாவோ நீங்களோ தீர்மானிக்க முடியாது. அக்காவிடம் கேளுங்கள், அவர் ஆம் என்றால் வரட்டும். அம்மாவின் கோபத்தைத் தள்ளிவிடவும் வேண்டாம், ஆனால் இதைச் சொல்லிப் பாருங்கள்: அந்தத் தாக்குதலை நடத்திய குழு காத்தான்குடியில் 2017இல் வாளோடு பாய்ந்தது முஸ்லிம்கள் மேல்தான். அதற்கும் முன்னால், 1990 ஆகஸ்ட் 3இல் அதே ஊர்ப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே வருஷந்தோறும் அவர்கள் நினைவாக ஷுஹதாக்கள் (தியாகிகள்) தினம் நடக்கிறது. தொழப்போனவர் திரும்பி வராத வீடு எப்படியிருக்கும் என்று அந்த ஊர்ப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 21இல் கூட்டத்துக்குள் வேண்டாம். அதற்கு முன் ஒரு மாலை, அக்கா மட்டும் இருக்கும்போது வரட்டும். படலைக்கு நீங்கள் போய்க் கூட்டி வாருங்கள்.

கடைசியாக 22ஆம் திகதி. பந்தலைப் பிரித்ததும் ஆட்கள் கலைந்துவிடுவார்கள், அடுத்த ஏப்ரல் வரை வாசலில் ஒருவரும் இருக்க மாட்டார். குழுவின் காசில் பாதியைப் பதாகைக்குப் போடாமல் இதற்கு ஒதுக்குங்கள். ஒரு கொப்பியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான்கு நாள் குறித்து, பக்கத்தில் போகிற ஆளின் பெயரை எழுதுங்கள்: 22, இறந்தவரின் பிறந்த நாள், பிள்ளையின் பரீட்சை, நத்தார். "ஏதும் தேவையென்றால் சொல்லுங்கோ" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை காது கிளினிக்குக்கு நான் கூட்டிப் போறேன்" என்றால் மறுக்க மாட்டார்கள். நட்டஈட்டுக் கோப்பையும் ஒருவர் பொறுப்பெடுங்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கு 10 கோடி ரூபாய் கட்ட உத்தரவிட்டு, மற்ற அதிகாரிகளின் தொகையோடு இழப்பீட்டு அலுவலகத்தின் நிதிக்குச் சேர்க்கச் சொன்னது. மரணச் சான்றிதழ், வைத்திய அறிக்கை, வந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுத்து ஒரே உறையில் வைத்தால், ஒவ்வொரு முறையும் அக்கா அந்த அலுமாரியைக் கிளற வேண்டியதில்லை.

2030இல் உயிர்த்த ஞாயிறு மறுபடியும் ஏப்ரல் 21ஆம் திகதியிலேயே வருகிறது. மகனுக்கு அப்போது 18. அந்த வருஷத்துப் பக்கத்தையும் கொப்பியில் இப்போதே திறந்து, யார் யார் வீட்டில் இருப்பது என்று எழுதி வையுங்கள்.