சிறுநகரப் போலீஸ் தொடர் நாவலை நடுவிலிருந்து படிக்கலாமா?

ஐந்தாம் பாகம் மட்டும் கையில் இருக்கிறது, முந்தைய நான்கையும் படிக்காமல் தொடங்கினால் புரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொலை புரியும், அது அந்தந்தப் பாகத்திலேயே முடிந்துவிடும். ஏட்டு ஏன் இன்ஸ்பெக்டரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதுதான் புரியாது. போதாக்குறைக்கு, பழைய குற்றவாளியின் பெயரைப் பின்பாகத்தில் போகிற போக்கில் போட்டு உடைக்கிற எழுத்தாளர்களும் உண்டு. முதல் பாகம் கிடைக்கும் என்றால் காத்திருங்கள். கிடைக்காது என்றால் தயங்காமல் படியுங்கள்.

என் அப்பா குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துக் காவல் நிலையங்களில் பதிவேடு எழுதும் ரைட்டராக இருந்தவர். துப்பறியும் நாவல் என்றால் அவருக்கு உயிர். ஆனால் கையில் பென்சில் இல்லாமல் படிக்க மாட்டார். பிரேதப் பரிசோதனை அறிக்கை அன்று இரவே இன்ஸ்பெக்டர் மேசைக்கு வந்துவிட்டதாக ஒரு கதையில் இருந்தது. ஓரத்தில், ஸ்டேஷன் பதிவேட்டில் எழுதும் அதே குண்டு எழுத்தில், 'யார் கொண்டுவந்தது?' என்று எழுதி வைத்திருந்தார். விஷமா என்று பார்க்க உள்ளுறுப்புகளை ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். தண்டவாளத்தின் ஓரம் பிணம் கிடந்தால் முதலில் துப்பு தேட மாட்டார்கள், அது ரயில்வே போலீஸ் எல்லையா நம் எல்லையா என்றுதான் பார்ப்பார்கள் என்று சிரிப்பார்.

அவருடைய பெரிய கோபம் வேறு. ஒரே இன்ஸ்பெக்டர் ஒரே ஊரில் பத்துப் பாகம் உட்கார்ந்திருப்பார். நடக்கிற காரியமா? தேர்தல் வந்தாலே சொந்த மாவட்டத்தில் இருப்பவர்களையும் ஓரிடத்தில் மூன்று ஆண்டுகளைக் கடந்தவர்களையும் மாற்றச் சொல்கிறது தேர்தல் ஆணையம். எங்கள் பக்கத்தில் மாவட்டமே நிற்கவில்லை. 1989-இல் வட ஆற்காடு இரண்டானது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அதிகாரிகள் வருவார்கள், போவார்கள். எந்தத் தெருவில் யாருக்கும் யாருக்கும் ஆகாது என்று சொல்ல ஏட்டையாவைத்தான் கூப்பிட வேண்டும். தொடர் எழுதுவதென்றால் அவரைத்தானே நாயகனாக வைக்க வேண்டும்? நம் கதைகளிலோ அவருக்குத் தொப்பையும் தூக்கமும்தான்.

போலீஸ்காரர் மகள் காவல்துறைக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று சொல்ல இங்கே சிலர் காத்திருப்பீர்கள். அங்கே அடி உதையும் லஞ்சமும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதையும் எழுதட்டும், ஆனால் தெரிந்து எழுதட்டும். முதல் தகவல் அறிக்கை நீதிமன்றத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இடைவெளியைத்தான் முதலில் பிடிப்பார். அதில் இல்லாத மர்மமா?

உங்கள் ஐந்தாம் பாகம் எந்த ஆண்டில் நடக்கிறது என்று பாருங்கள். சந்தேக மரணம் என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 194. அதற்குப் பிந்தைய கதையிலும் 174 என்றே இருந்தால் எழுத்தாளர் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசையாகப் படியுங்கள் என்று சொல்வது சுலபம். புத்தகம் எங்கே கிடைக்கிறது? வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் எந்தத் தொடரைக் கேட்டாலும் இரண்டாம் பாகம் இருக்கும், ஆறாம் பாகம் இருக்கும். முதல் பாகம் என்றால், "யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள் அம்மா" என்பார்கள். யார் என்று கேட்டால் பதிவேட்டைத் திறக்கவும் மாட்டார்கள். அப்பா அங்கே பணியில் இருந்திருந்தால் அந்தப் பதிவேட்டைப் புரட்டி ஆளையே வீட்டில் போய்ப் பிடித்திருப்பார்.